அத்தியாயம் 5: தீர்த்தம் குடித்த கம்ப்யூட்டர்

பேரா மாநிலத் தமிழர் வரலாறு இனி இரண்டாகப் பிரியும்: கம்ப்யூட்டருக்கு முன், கம்ப்யூட்டருக்குப் பின்.

இப்படிச் சொன்னது ஒரு பளிங்குக் கல்வெட்டு. ஈப்போவில் கிந்தா தோட்ட மக்கள் மேம்பாட்டுச் சங்கத்தின் தரைத்தளச் சுவரில், 1986 மார்ச் என்ற தேதியோடு, பொன்னிற எழுத்தில் பதித்திருந்தார்கள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டும் அம்புக்குறியை ஒட்ட வேறு இடம் கிடைக்காததால் கல்வெட்டின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தார்கள்.

"எவ்வளவு எழுதியிருக்காங்க பாரு," என்றாள் நவமணி.

"அவசரமா வர்றவன் எவன்க்கா நின்னு படிக்கப் போறான்?" என்றான் அப்பாவு.

நவமணி ஒரு வெள்ளீயச் சுரங்கக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் பதினெட்டு வருடம் உலோகங்களை உருக்கிப் பார்த்தவள். ஆட்குறைப்பில் வெளியே வந்து, பழைய டவுனில் ஒரு கோப்பிக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். உலோகங்களைவிட மனிதர்களில் கலப்படம் அதிகம் என்பது இந்த ஐந்து வருடத்தில் அவள் கண்டது. அப்பாவு அவளுடைய உதவியாளன். டாக்சி அவனுடையது. டாக்சிக்குப் பிரேக் கொஞ்சமாவது பிடிக்கும். அவன் வாய்க்கு அதுவும் கிடையாது.

அவர்களை அழைத்து வந்தவள் வீரம்மா. இருபத்து மூன்று வயது. செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகள், சங்கத்தின் ஒரே கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர். கம்ப்யூட்டர் செவ்வாய்க்கிழமை செத்தது. புதன்கிழமை அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். இன்று சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்குக் கமிட்டி கூடி, அவள் வேண்டுமென்றே மெஷினை நாசம் செய்தாள் என்று போலீசில் ரிப்போர்ட் கொடுக்கப் போகிறது. திங்கட்கிழமை அவள் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர வேண்டும். ரிப்போர்ட் எழுதப்பட்டால் அந்த வேலை இல்லை.

"பெரிய எடத்துக்குப் போறேன்ல, போறதுக்கு முன்னாடி வஞ்சம் தீத்துட்டேனாம்," என்றாள் வீரம்மா. "எங்கப்பா மூணு நாளா கடைத்தெருவுக்குப் போகல அக்கா. போனா கேப்பாங்கன்னு."

மெஷின் அறையைத் திறந்துவிட்டவர் செயலாளர் இராசையா. காம்பாரில் ஓர் ஈயக் கம்பெனியில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத் தமிழர். ஈய விலை விழுந்து கம்பெனி மூடியபோது, அங்கே கிடந்த கம்ப்யூட்டரைச் சங்கத்துக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார்.

"இது சும்மா மெஷின் இல்லைப் பிள்ளை, வாட்டர் கூல்ட்," என்றார். "வேலை செய்யேக்க இதின்ர மெமரி கொதிக்கும். அதைக் குளிர வைக்கத் தண்ணி ஓடுது. மலேசியாவில எத்தினை தமிழ்ச் சங்கத்திட்ட இப்பிடி ஒண்டு இருக்கு?"

"செத்தது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும் சார்," என்றான் அப்பாவு.

வீரம்மா பின்பக்கக் கதவைத் திறந்து காட்டினாள். பன்னிரண்டு மெமரி பலகைகள் புத்தக அலமாரிபோல வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் ஒட்டி ஓர் அலுமினியத் தட்டு.

"பலகை சூட்ட இந்தத் தட்டு வாங்கிக்கும் அக்கா. தட்டுக்குள்ள தண்ணி ஓடும். அது சூட்ட எடுத்துக்கிட்டுப் போய் வெளிய விசிறில ஆறிட்டுத் திரும்பி வரும். எந்நேரமும் சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு சொட்டு வெளிய வந்தாலும் பலகை காலி. செவ்வாக்கெழம ஒரு தட்டுல ஓட்டை. எல்லாம் நனைஞ்சிருச்சு."

நவமணி தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தாள். திறந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புளித்த பாலும் அழுகிய இளநீரும் சேர்ந்து, அடியில் எலி எதுவும் செத்துக் கிடக்கிறதோ என்று சந்தேகப்பட வைக்கும் நாற்றம். தண்ணீரின் மேல் மஞ்சள் ஆடை படிந்திருந்தது. ஆடையில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. ஓரத்தில் பாசி, விரலை வைத்தால் வழுக்கும் கெட்டியில்.

"இதுல என்ன சார் ஊத்துனீங்க?"

இராசையா தொண்டையைச் செருமினார். "வெள்ளிக்கிழமையில தலைவர் மெஷினுக்குப் பூசை செய்விப்பார். அபிஷேகத் தண்ணி கொஞ்சம் உள்ள விடுறது வழக்கம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"ஒரு செம்பு."

"ஆறு மாசமா?"

இராசையா டையைச் சரிசெய்துகொண்டார்.

"என் டாக்சி ரேடியேட்டர்ல இத ஊத்துனா," என்றான் அப்பாவு, "என்னைய எறக்கி விட்டுட்டு அது தனியாப் போயிரும்லா."

"பூசையைப் பழிக்காதையும். குற்றத்துக்கு ஆதாரம் இஞ்ச இருக்கு." இராசையா ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பாதி காலியான ஒரு போத்தல். "இந்தப் பிள்ளையின்ர மேசைக்குள்ள எடுத்தது. 'ஆயர் பாத்தேரி' எண்டு மலாயில எழுதியிருக்கு. பேட்டரிக்குள்ள என்ன இருக்கும்? அசிட். இவ இதைத் தொட்டிக்குள்ள ஊத்தினதைப் பியூன் கண்டவன்."

அப்பாவு பையை வாங்கினான். போத்தலின் மூடியைத் திருகினான். அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்தான்.

இராசையா இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"ஆயர்னா தண்ணி சார். பேட்டரிக்குள்ள ஊத்துற தண்ணி இது. காய்ச்சி வடிச்ச தண்ணி. பெட்ரோல் எண்ணெய்க் கடையில எல்லாம் விக்கிறான். ருசிதான் இல்ல." வாயைத் துடைத்துக்கொண்டான். "சங்கத்துல எத்தன பேரு கார் வச்சிருக்கீங்க?"

"கமிட்டியில பதினொரு பேரும்."

"ஒருத்தர் கூட பானட்டத் தொறந்து பாத்ததில்ல போல."

"மெஷினோட வந்த புஸ்தகத்துல வடிச்ச தண்ணிதான் ஊத்தணும்னு போட்டிருந்துச்சு," என்றாள் வீரம்மா. "கேட்டேன், வாங்கித் தரல. நானே வாங்கி ஊத்துனேன். இவங்க ஊத்துறத என்னால நிப்பாட்ட முடியல, கொஞ்சமாவது தண்ணியாக்கலாமேன்னு."

"சரி," என்றார் இராசையா, இன்னும் சுவரோடு ஒட்டியபடியே. "அப்ப தட்டை அரிச்சது எது?"

நவமணி டார்ச் அடித்துப் பார்த்தாள். அலுமினியத் தட்டு முழுக்க அம்மைத் தழும்புபோல் குழி. தண்ணீர்க் குழாய் வந்து சேரும் இடத்தில் குழிகள் அதிகம். அங்கே பஞ்சுபோல் வெள்ளைப் பூசணம் பூத்திருந்தது. குழாய் பளபளவென்று செம்பு. அதன் கழுத்தில் பச்சைக் களிம்பு.

"தட்டு அலுமினியம். கொழா செம்பு. இது மெஷினோட வந்த கொழாயா சார்?"

"எனக்குத் தெரியேல்லைப் பிள்ளை," என்று இராசையா ஜன்னலுக்குச் சொன்னார்.

"மொதல்ல கொழாயும் அலுமினியம்தான் அக்கா," என்றாள் வீரம்மா. "மெஷின் தெறப்பு விழாவுக்கு முந்தின வாரம் நான் காய்ச்சல்ல படுத்துட்டேன். வந்து பாத்தா இது இருந்துச்சு."

வெளியே வரும்போது நவமணி செயலாளரின் மேசையருகே நின்றாள். காகிதங்களின் மேல் உள்ளங்கை அளவு ஈயப் பாளம், காம்பார் கம்பெனி ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கொடுத்த நினைவுப் பரிசு. அதன் ஒரு மூலை இல்லை. மேசைக்குப் பின்னால் கண்ணாடிப் பேழையில், வாயுடைந்த ஒரு செப்புச் செம்பு பூமாலையோடு வீற்றிருந்தது.

"அது?"

"இராமேஸ்வரம் அக்கினித் தீர்த்தம். தலைவரும் நானும் போய்க் கொண்டு வந்தது. அங்க கடல்தானே தீர்த்தம். வாயை ஈயத்தால பற்ற வச்சுத் தருவினம். திறப்பு விழாவிலதான் உடைச்சது. பாதி மெஷினுக்கு, பாதி வந்த ஆக்களுக்கு."

"நான் ஒருதடவ கண்ணுல ஒத்திக்கலாமா சார்?"

இராசையா தயங்கினார். பக்திக்கு மறுப்புச் சொன்ன செயலாளர் என்ற பெயர் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, பேழையைத் திறந்தார். நவமணி செம்பை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒத்திக்கொண்டாள். அவள் கண் மூடியிருந்தது. விரல் நகம் வேலை செய்தது.

*

"என்ன அக்கா, திடீர்னு சாமி வந்துருச்சு?" என்றான் அப்பாவு டாக்சியில்.

நவமணி உள்ளங்கையை விரித்தாள். செம்பின் விளிம்பிலிருந்து பெயர்த்த ஓர் ஈயத் துணுக்கு, வெள்ளி மாதிரி பளபளத்தது. அதை அவன் காதருகே பிடித்து மெல்ல வளைத்தாள்.

கறக் என்று ஒரு சின்ன சத்தம்.

"அழுவுது," என்றான் அப்பாவு.

"நல்லாக் கேட்டியா?"

"நம்ம ஊரு ஈயம் வளைச்சா அழுவும்னு லம்பத்துல ஈயம் தோண்டுறவன் எல்லாருக்கும் தெரியும்லா. அதுக்கென்ன?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. வண்டிய எடு. கொழா மாத்துனவன் யாருன்னு பாக்கணும்."

குழாய் பற்றவைத்த வேலை அவ்வளவு சுத்தம். இந்தப் பக்கத்தில் அப்படிப் பற்றவைக்கக்கூடியவர் ஒருவர்தான் என்று வீரம்மா சொல்லியிருந்தாள்: அர்ச்சுனன். செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து ஃபேக்டரியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். மரங்கள் போய், செம்மண் மேட்டில் விளம்பரப் பலகை நின்றது. அதற்குப் பின்னால் மிச்சமிருந்த தொழிலாளர் லயத்து வீட்டில் அர்ச்சுனன் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் போகும் முன் அப்பாவு, சங்கத்திலிருந்து போத்தலில் பிடித்து வந்த தொட்டித் தண்ணீரை ஒரு சார்டின் டின் மூடியில் நாலு கரண்டி ஊற்றி, சுடச்சுட இருந்த பானட்டின் மேல் காய வைத்தான்.

"செப்புக் கொழாயா?" அர்ச்சுனன் பம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் எதையும் பாக்கல, யாரும் எங்கிட்ட சொல்லல. சங்கத்து வீட்டு மனை லிஸ்டுல எம்பேரு நாப்பத்தோராவதா இருக்கு தங்கச்சி. அது அங்கேயே இருக்கட்டும்."

"உங்கள மீட்டிங்குக்குக் கூப்பிடல அண்ணே. வீரம்மாவத் தெரியும்ல?"

அவர் கை நின்றது. "தெரியும். எங்க லயத்துப் புள்ள."

"இன்னிக்கி நாலு மணிக்கு அவ மேல ரிப்போர்ட் எழுதப் போறாங்க."

அர்ச்சுனன் துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நான் சொன்னேன் தங்கச்சி. செம்பு வேணாம்னு சொன்னேன். நம்ம ஃபேக்டரில ரப்பர் பால் படுற எடத்துல செம்பு, பித்தள எதையும் விட மாட்டோம். பட்டா ரப்பர் பிசுபிசுன்னு கெட்டுப் போயிரும். வெள்ளக்கார மானேஜர் பித்தளப் பொத்தான் சட்டையோட வந்தாக்கூட, தொர, கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு சொன்னவன் நான். இது தோட்டத்துப் பால் இல்லய்யா, கம்ப்யூட்டர்னாரு."

"யாரு?"

அர்ச்சுனன் பம்பின் ஒரு திருகை எடுத்து வேறெங்கோ வைத்தார்.

"அலுமினியத்தப் பாத்தாலே அவருக்கு ஆகல," என்றார் கடைசியில். "தோட்டத்துச் சோத்துத் தட்டு மாதிரி இருக்காம். பெரிய மனுசங்க வந்து பாப்பாங்களாம். செம்புதான் சுத்தமாம். நான் கொழாய மாட்டும்போது ஒரு பக்கத்தச் செவத்தப் பாத்துத் திருப்பி மாட்டிட்டேன். பாக்க அருவருப்பா இருந்துச்சு. அவ்வளவுதான் சொல்லுவேன்."

திரும்பி வரும்போது சார்டின் மூடி காய்ந்திருந்தது. அடியில் ஒரு வெள்ளைப் பொருக்கு. அப்பாவு விரலால் தொட்டு, நக்கப் போய், தொட்டியின் வாசம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான். வேட்டியில் துடைத்தான்.

"உப்பு," என்றாள் நவமணி, நக்காமலேயே.

*

நான்கு மணிக்குத் தலைவர் உடையப்பன் பேச முன்வந்தார். பட்டு ஜிப்பா, தங்க ஃபிரேம் கண்ணாடி, பத்து விரலில் ஆறு மோதிரம். இரண்டாம் மாடிக் கூட்டத்தை மெஷின் அறைக்கே மாற்ற வேண்டும் என்று நவமணி கேட்டபோது அவர் உடனே ஒத்துக்கொண்டார். குற்றம் நடந்த இடத்தில் பேசினால் பேச்சு எடுபடும் என்று கணக்கு. பதினொரு பேர் நெருக்கி நின்றார்கள். தொட்டியின் மூடி திறந்தே இருந்தது. ஒன்பது பேர் கைக்குட்டையை எடுத்தார்கள். தலைவரும் செயலாளரும் மட்டும் எடுக்கவில்லை, வெள்ளிக்கிழமைகளில் பழகிப்போனது.

"இந்த இனம் தலை நிமிர்ந்த நாளில்," என்று தொடங்கினார் உடையப்பன், "ஒரு சிறு கை அதைத் தலை குனிய வைத்தது. நான் தனிப்பட்ட முறையில் வருந்துகிறேன். ஆனால் நீதி..."

"ஒரு கேள்வி தலைவரே," என்றாள் நவமணி. "இந்தச் செப்புக் கொழா மெஷினோட வந்ததா?"

"வந்தபடியே இருக்கு. நாங்க எதையும் தொடல."

"அலுமினியத் தட்டையும் செப்புக் கொழாயையும் சேத்து உப்புத் தண்ணில நிறுத்தினா அது ஒரு பேட்டரி. உங்க காருல இருக்கிற மாதிரியேதான். பேட்டரின்னா ரெண்டுல ஒண்ணு கரையணும். செம்பு சும்மா ஒக்காந்து பாக்கும். அலுமினியம் கரையும். முழுக்க அலுமினியமா விட்டு வடிச்ச தண்ணி ஊத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. முழுக்கச் செம்பா இருந்தாலும் பரவாயில்ல. நீங்க பேட்டரி தேடுனீங்க. வீரம்மா மேசைக்குள்ள தேடுனீங்க. அது இங்க இருக்கு."

"விஞ்ஞானம் பேசலாம்," என்றார் உடையப்பன். "கொழாய யார் மாத்தினதுன்னு தெரியணுமே. ஆப்பரேட்டர்தான் இந்த ரூம்லயே இருந்தது."

கதவோரம் நின்ற வீரம்மாவைப் பத்துத் தலைகள் திரும்பிப் பார்த்தன.

"அப்பாவு, திருப்பு."

அப்பாவு ஸ்பேனரைக் குழாயில் பூட்டினான். குழாய் முனகிக்கொண்டு அரைச்சுற்றுச் சுற்றியது. இத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் வெளியே வந்தது. கோயில் குழல் விளக்கில், மின்விசிறி இறக்கையில், தண்ணீர்க் குழாயடியில், நாற்காலி முதுகில் எல்லாம் நாம் எழுதுவதுபோலவே, அதிலும் அழகாக வெட்டியிருந்தது. அப்பாவு சத்தமாகப் படித்தான்.

"உபயம். சங்கத் தலைவர், சமூகச் செம்மல் உடையப்பன் அவர்கள். மார்ச் 1986." ஸ்பேனரைத் தோளில் போட்டுக்கொண்டான். "செம்மலும் செம்பும் பொருத்தமாத்தான் இருக்கு அக்கா."

யாரும் சிரிக்கவில்லை. சிலர் கைக்குட்டைக்குள் இருமினார்கள்.

உடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டபோது வேறு ஆளாக இருந்தார்.

"ஆமா. நான்தான் மாத்தினேன். சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல. இராமேஸ்வரம் அக்கினித் தீர்த்தம் ஓடப்போற எடம். அதுல தோட்டத்துச் சோத்துத்தட்டு உலோகமா? அதனால என் சொந்தச் செலவுல செம்பு போட்டேன்." குரலை இறக்கினார். "இந்த அம்மா என்ன சொல்றாங்க? உப்புத் தண்ணி அரிச்சுருச்சாம். எது உப்புத் தண்ணி? இராமநாதர் தீர்த்தமா? பாவத்தக் கழுவுற தண்ணி மெஷினக் கெடுத்துருச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதணுமா? எழுதுவோம். அத முன்மொழியிறவர் கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. பின்வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தீர்த்தத்தின் மேல் பழி போடுவதைவிட வீரம்மாவின் மேல் போடுவது பாவம் குறைவு என்று எல்லா முகங்களும் ஒரே மாதிரி முடிவு செய்துகொண்டிருந்தன. உண்மை எது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அது அவர்களுக்கு வசதிப்படவில்லை, அவ்வளவுதான்.

"சரி, தீர்த்தத்தப் பழிக்க வேணாம்," என்றாள் நவமணி. "செயலாளர் சார், அந்தச் செம்பக் கொண்டாங்க. மேசையில இருக்கிற ஈயப் பாளத்தையும்."

இராசையா அசையவில்லை. அப்பாவு போய் இரண்டையும் எடுத்து வந்தான்.

நவமணி செம்பின் விளிம்பைக் காட்டினாள். "இங்க ரெண்டு பூச்சு இருக்கு. அடியில மங்கலா, கருப்பா இருக்கிறது ஒண்ணு. அது காரீயம் கலந்த மலிவு ஈயம். இராமேஸ்வரத்துல அடைக்கிறவன் அதத்தான் வைப்பான். அதுக்கு மேல ஒண்ணு பளபளன்னு இருக்கு." ஒரு துணுக்கைப் பெயர்த்து, பக்கத்தில் நின்ற கமிட்டி உறுப்பினரின் காதோரம் வளைத்தாள்.

கறக்.

"கேட்டுச்சா?"

"அழுவுது," என்றார் அவர், தன்னையறியாமல். கிந்தாவில் பிறந்தவர்.

"காரீயம் கலந்தா இப்பிடி அழாது. இது சுத்த ஈயம். ஊருக்குப் போற தீர்த்தச் செம்பு வாயில யாரும் சுத்த ஈயத்தக் கொட்ட மாட்டாங்க. சுத்த ஈயம் சும்மா கெடக்குற ஊரு ஒண்ணுதான். நாம நிக்கிறது." ஈயப் பாளத்தை எடுத்துக் காணாமல்போன மூலையைக் காட்டினாள். "இந்தச் செம்ப யாரோ இங்க வச்சு மறுபடி அடைச்சிருக்காங்க. எதுக்கு அடைச்சாங்க சார்?"

இராசையா பூசைக்குப் போடும் பலகையில் உட்கார்ந்தார். டையைத் தளர்த்தினார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக இருக்கும்.

"சுபாங் ஏர்போட்டில," என்றார், "பெட்டியைத் தூக்கிப் போட்டிட்டாங்கள். செம்பின்ர வாய் விட்டிட்டுது. ஒரு சொட்டும் மிஞ்சேல்லை. எல்லாம் பெட்டியில இருந்த என்ர கோட்டில ஊறிட்டுது. விழாவுக்கு நாலு நாள். பத்திரிகையில எல்லாம் போட்டாச்சு. தலைவரிட்டச் சொல்ல எனக்கு... நான் என்ன செய்யிறது?"

"என்ன செஞ்சீங்க?"

"லுமுட்டுக்குப் போனன். அதுவும் கடல்தானே எண்டு நினைச்சன். வீட்டு அடுப்பில பாளத்தின்ர மூலையை உருக்கி நானே அடைச்சன்."

"லுமுட்ல எந்த எடம்?"

"அது ஏன் இப்ப?"

"எந்த எடம் சார்?"

இராசையா தரையைப் பார்த்தார். "மீன் ஜெட்டிக்குக் கீழ. மீன் கழுவி ஊத்துற பக்கம். மற்றப் பக்கம் ஆக்கள் நின்றவை, காணுவினம் எண்டு."

மற்ற ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். லுமுட் தண்ணீரைக் குறை சொல்வதில் பாவம் எதுவும் இல்லை. அரிக்கத்தான் செய்யும் என்றார் ஒருவர். அந்தத் தண்ணி கப்பலையே அரிக்கும் என்றார் இன்னொருவர். கன்னத்தில் போட்டுக்கொண்டவர் தனக்கு முதல் நாளே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். உடையப்பன் குழாயின் பக்கம் போய் நின்று, உபயத்தை முதுகால் மறைத்துக்கொண்டார்.

தயாராக டைப் அடித்து வைத்திருந்த போலீஸ் ரிப்போர்ட்டைக் கிழித்தார்கள். இராசையா மேசைக்குப் போய், ஒரு கடிதம் டைப் அடித்துக் கொடுத்தார். வீரம்மா நின்றுகொண்டே படித்தாள்.

"'மன்னிக்கப்பட்டார்'னு போட்டிருக்கீங்க சார்," என்றாள். "யாரு யார மன்னிச்சது?"

தட்டச்சு மெஷினில் புதுத் தாள் ஏறியது. இரண்டாவது கடிதத்தில் அவள் குற்றமற்றவள் என்றும், மெஷினைக் காப்பாற்றத் தன் கைக்காசில் வடித்த நீர் வாங்கி ஊற்றினாள் என்றும் இருந்தது. தலைவர் கையெழுத்துப் போட்டார். ஆறு மோதிரமும் ஒன்றோடொன்று இடித்தன.

"நாளைக்கு மத்தியானம் பஸ் ஏறினாக்கூட ராத்திரிக்குள்ள கோலாலம்பூர் போயிரலாம்," என்றான் அப்பாவு வாசலில். "வேணாம், நானே கொண்டு விடுறேன். ரேடியேட்டர்ல நல்ல தண்ணிதான் இருக்கு."

"மொதல்ல எங்கப்பாவ ஏத்திக்கிட்டுக் கடைத்தெருவுக்குப் போங்க அண்ணே," என்றாள் வீரம்மா. "சும்மா ஒரு சுத்து."

நவமணி கடைசியாக வெளியே வந்தாள். கல்வெட்டைத் தாண்டும்போது கழிப்பறை அம்புக்குறிக்குக் கீழே வரிசை நின்றது. கமிட்டியில் ஏழு பேர், வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

திறப்பு விழாவன்று அந்தச் செம்பிலிருந்து ஆளுக்கு ஓர் உத்தரணி தீர்த்தம் கொடுத்தார்கள். உடையப்பன் இரண்டாவது உத்தரணி கேட்டு வாங்கிக் குடித்தார்.